சாம்பார் சாதம் இரவுக்குள் கெட்டுப்போகிறது: வழி சொல்லுங்கள்

மதுரை ரயில் நிலையத்தைச் சுற்றிப் படுத்துறங்கும் வீடற்றவர்களுக்காக நாங்கள் ஆறு பேர் ஞாயிறுதோறும் சமைக்கும் 120 பொட்டலச் சாம்பார் சாதம், சித்திரை பிறந்ததிலிருந்து மூன்று வாரமாக இரவு ஒன்பது மணிக்குப் பிரிக்கும்போதே நூல்விட்டுப் புளித்த வாடை அடிக்கிறது.

மாலை நான்கு மணிக்கு இறக்கி, சூட்டோடு வாழையிலையில் கட்டி, அட்டைப்பெட்டிகளில் அடுக்குகிறோம். எல்லோரும் வேலைக்குச் செல்பவர்கள் என்பதால் சமையலை இன்னும் தள்ளிப்போட இயலாது. தேங்காயை நிறுத்தினோம், வெங்காயத்தை நன்கு வதக்கினோம், புளியைக் கூட்டினோம், பலனில்லை. ஆறவைத்துக் கட்டிய வாரம் இன்னும் மோசம். போன வாரம் ஒரு முதியவர் முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பொட்டலத்தை மடித்துத் திருப்பித் தந்தார்.

பொட்டலம் கட்டாமல், ஐந்து மணி நேரம் சூடு 60 பாகைக்குக் கீழே இறங்காதபடி மொத்தமாகக் கொண்டுபோய் அங்கேயே பரிமாற எந்தப் பாத்திரம் ஏற்றது?