கொரியன் கருப்பு நூடுல்ஸ், அதுவும் காரமானது: முதல் தடவ சாப்ட அன்னிக்கு என்ன ஆச்சு?

தேஜான்வாசி:
ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் மனசுல உறுத்துது, அதான் எழுதறேன். கொரியாவுல தேஜான்ங்கற ஊர்ல பிஎச்டி சேந்த முதல் மாசம், ராத்திரி பதினொன்ற மணி, லேப்ல இருந்து ரூமுக்குப் போற வழியில இருக்கற கன்வீனியன்ஸ் ஸ்டோர்ல புல்டாக்னு ஒரு காரமான நூடுல்ஸ் பிராண்டு, அதுல ஜாஜாங்ங்கற கருப்பு சாஸ் போட்ட கப் ஒண்ணு எடுத்தேன். செவப்பு புல்டாக்க தொடாதடான்னு சீனியர் அண்ணா சொல்லிருந்தாங்க, இது கருப்பா இருந்துச்சா, அப்ப காரம் இருக்காதுன்னு நானே முடிவு பண்ணிட்டேன். முதல் வாய் இனிப்பு. வெங்காயத்த நல்லா செவக்க வதக்குனா வருமே, அந்த இனிப்பு. ரெண்டாவது வாய், மூணாவது வாய், ஒண்ணுமே இல்ல, வத்தக்குழம்பு சாப்ட்டு வளந்தவனுக்கு இதெல்லாம் என்னன்னு வேகமா அள்ளிட்டேன். அஞ்சாவது வாய் முழுங்கும்போதுதான் முதல் வாயோட காரம் வந்துச்சு. உதடு எரியுது, காதுக்குள்ள சூடு, கண்ணுல தண்ணி நிக்கல. கவுண்டர்ல இருந்த தாத்தா ஒண்ணும் பேசல. எந்திரிச்சு வந்து ஃப்ரிட்ஜ தொறந்து வாழப்பழ பால் ஒண்ணு எடுத்து, ஸ்ட்ராவ குத்தி என் முன்னாடி வச்சாரு. காசு நீட்டுனேன், கைய ஆட்டிட்டு போய்ட்டாரு. நன்றிக்கு கொரியன்ல கம்சஹம்னிதான்னு ஒரு வார்த்த, தெரிஞ்ச வார்த்ததான், அந்த எரிச்சல்ல வாயில வரவே இல்ல.

சுவோன் அக்கா:
தம்பி, தண்ணிய சுத்தமா வடிச்சிருப்பீங்க, அதான் விஷயம். எங்க வீட்டுக்காரர் முதல் தடவ இதையேதான் செஞ்சார், சாஸ் நூடுல்ஸோட ஒட்டாம அங்கங்க கட்டியா நின்னு ஒரே வாயில மொத்த காரமும் போய் பாவம் பாத்ரூமுக்கு ஓடுனார். பாக்கெட்டுன்னா இப்படி பண்ணுங்க: 600 மில்லி தண்ணி, அஞ்சு நிமிஷம் கொதி, அப்பறம் வடிக்கும்போது எட்டு ஸ்பூன் தண்ணி சட்டியிலயே நிக்கணும், அதுல சாஸ ஊத்தி மறுபடி அடுப்புல அர நிமிஷம் கிளறணும், அப்பதான் பளபளன்னு ஒட்டும். முதல் தடவ சாஸ் பாதி போதும், மீதிய மடிச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சுக்கலாம். மேல ஒரு முட்டைய அரவேக்காடா பொரிச்சு போடுங்க, மஞ்சக்கரு ஒடஞ்சு கலக்கும்போது காரம் அடங்கும். வெள்ளரிக்காய நீளமா மெல்லிசா சீவி வைங்க. மஞ்ச முள்ளங்கி ஊறுகா, தன்முஜி, அது இல்லாம சாப்டவே சாப்டாதீங்க, திகட்டும். பச்சத் தண்ணி குடிக்காதீங்க, மிளகாயோட காரம் தண்ணில கரையாது, வாய் பூரா பரவத்தான் செய்யும். பால், தயிர், மோர் எதாச்சும். வெறும் வயித்துல ராத்திரி பதினொரு மணிக்கு இத சாப்புடறத முதல்ல நிறுத்துங்க தம்பி.

கடலோரக்_காத்து:
அக்கா சொன்ன சமையல் சரி. ஆனா கடையில செஞ்சு தர்ற கருப்பு சாஸ் நூடுல்ஸ், ஜாஜாங்மியோன், அதுவும் இப்படித்தான் இருக்கும்னு இந்த பாக்கெட்ட வச்சு யாரும் முடிவு பண்ணிடக்கூடாதுன்னு எனக்கு ரொம்ப ஆதங்கம். முதல்ல, இந்த சாஸ கருப்பு பீன்ஸ்னு எல்லாரும் சொல்றோம், அது கருப்பு பயறே இல்ல, சுஞ்சாங்னு சோயாபீன்ஸையும் கோதும மாவையும் புளிக்க வச்சு கேரமல் சேக்கற பேஸ்ட், கருப்பு அந்த கேரமல்ல வர்றது. சீனால ஷாண்டோங் பக்கம் இருந்து வந்தவங்க கொரியாவோட துறைமுக ஊரு இஞ்சோன்ல ஆரம்பிச்சது இந்த நூடுல்ஸ், கோங்ஹ்வாச்சுன்ங்கற பழைய ஹோட்டல் கட்டடத்த 2012ல இதுக்குன்னே மியூசியமா ஆக்கிருக்காங்க. அத பாத்துட்டு பக்கத்து கடையில உக்காந்தேன், எதிர் டேபிள்ல ஒரு பெரியவர் தன்முஜி மேல வினிகர ரெண்டு சுத்து ஊத்தி, நூடுல்ஸ் மேல டேபிள்ல இருந்த மிளகாப்பொடிய ஒரு ஸ்பூன் தூவி, கலந்து, கிண்ணத்தோட ஓரத்துல வாய வச்சு சாப்ட்டாரு. காரம் வேணும்னா அப்படி அவங்கவங்க அளவுக்கு போட்டுக்கறது. நானும் தூவினேன். இனிப்பு தனியா தெரிஞ்சுது, காரம் தனியா தெரிஞ்சுது. பாக்கெட்ல அந்த ரெண்டையும் ஒண்ணா அடைச்சுடறாங்க, அதான் தம்பி ஏமாந்தது, தண்ணி வடிச்சதுனால இல்ல.

உல்சான்_ரஃபீக்:
என்னோடது காரம் பத்தி இல்ல. நைட் ஷிப்ட், பசி, கூட வேல செய்யற கொரியன் அண்ணன் ஒருத்தர் எல்லாருக்கும் சேத்து கருப்பு நூடுல்ஸ் போட்டாரு, மேல கோச்சுஜாங்ங்கற மிளகா பேஸ்ட் ஒரு கரண்டி. குச்சில எடுத்து வாய் கிட்ட கொண்டு போய்ட்டேன், அண்ணன் என் மணிக்கட்ட புடிச்சுட்டாரு. குப்பத்தொட்டில இருந்து கவர எடுத்து, கசங்கலா இருந்தத தொடை மேல வச்சு நீவி, ஒரு வரிய விரல்ல காட்டுனாரு. துவேஜிகோகி. பன்னிக்கறி. நாலே எழுத்து. கொரியன்ல நான் ஒழுங்கா படிக்க கத்துக்கிட்ட முதல் வார்த்த அதுதான். அவர்கிட்ட நான் என் மார்க்கத்த பத்தி ஒரே ஒரு தடவதான் சொல்லிருந்தேன். நம்ம ஆளுங்க கவனிங்க, ஒரே பேர்ல ஹலால் முத்திர இருக்கற பாக்கெட்டும் வருது, இல்லாததும் வருது, சைவக்காரங்களும் பின்பக்கம் பாத்துட்டு வாங்குங்க.

மதுர_மச்சான்:
என்னப்பா எல்லாரும் இப்படி பயப்படுறீங்க, நான் ரெண்டு பாக்கெட் சேத்து போட்டு ஒக்காந்து முடிச்சேன். பச்சமிளகாய கடிச்சுட்டு பழையசோறு சாப்புடற ஊரு நம்மது.

சுவோன் அக்கா:
முடிச்சது பெருசில்ல தம்பி, மறுநாள் வயிறு எப்படி இருந்துச்சு? 2024ல டென்மார்க்ல புல்டாக்ல மூணு வகைய ரொம்ப காரம்னு கடையில இருந்து எடுக்கச் சொன்னாங்க, அடுத்த மாசம் ரெண்ட மட்டும் திரும்ப விட்டாங்க. அவங்க நாக்குக்கு அது அதிகம்னு வச்சுக்கோங்க, ஆனா சின்னப் பிள்ளைங்க கையில குடுத்து போட்டிக்கு சாப்பிட வைக்காதீங்க.

தேஜான்வாசி:
அக்கா, அது கப்பு, மூடியில ஓட்ட போட்டு வடிக்கறது, ஆமா, சொட்டு விடாம வடிச்சேன். இஞ்சோன் கத சொன்ன அண்ணன் சொன்ன மாதிரி மிளகாப்பொடி தூவி இந்த ஞாயித்துக்கிழம பண்ணிப் பாக்கறேன். ரஃபீக் பாய், நீங்க எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன். உங்க அண்ணன் உங்க கூடவே வேல செய்றாரு, நன்றி சொல்லிக்கலாம். அந்த தாத்தாவ அதுக்கப்பறம் நான் பாக்கவே இல்ல, ரெண்டு வாரம் கழிச்சு போனா கவுண்டர்ல காலேஜ் பையன் ஒருத்தன் நிக்கறான், அவனுக்கு எதுவும் தெரியல. தேஜான்ல யூசோங் பக்கம் இருக்கறவங்க யாராச்சும், ராத்திரி ஷிப்ட்ல வெள்ளத் தொப்பி போட்டு, இடது கையில மட்டும் கம்பளி கிளவுஸ் மாட்டிருக்கற ஒரு தாத்தாவ எந்த கடையிலயாச்சும் பாத்தா எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க.