ஓய்வுக்காலத்தை வெளிநாட்டில் கழிக்க: ஓய்வூதியம் ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் இருவருக்கும் விசா எப்படி?

தென்றல்

கணவருக்கு வயது 64, மனைவிக்கு 57. ஓய்வூதியம் கணவர் பெயரில் மட்டும் வருகிறது. சேமிப்பு கூட்டுக் கணக்கில் இருக்கிறது. தாய்லாந்து, போர்ச்சுகல், ஸ்பெயின் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே வேலை பார்க்கும் எண்ணம் இல்லை. ஆளுக்குத் தனியாகப் பணம் காட்ட வேண்டுமா, ஒருவர் விசாவில் மற்றவர் சேரலாமா? காகிதங்களை எந்த வரிசையில் எடுத்தால் காலாவதியாகாமல் இருக்கும்?

நெடுவழி

தாய்லாந்தைப் பற்றிச் சொல்கிறேன். 50 வயது நிறைந்தவர்களுக்கு இரண்டு வழி உண்டு. நான்-ஓ-ஏ (Non-O-A) என்ற ஓய்வுக்கால விசாவைப் புறப்படும் முன் தூதரகத்தில் வாங்க வேண்டும். காவல்துறைச் சான்று, மருத்துவச் சான்று, 30 லட்சம் பாட் (தாய்லாந்து நாணயம்) அளவுக்கு மருத்துவக் காப்பீடு எல்லாம் கேட்பார்கள். இரண்டாவது வழி, நான்-ஓ (Non-O) விசாவில் 90 நாள் அனுமதியோடு நுழைந்து, அங்கேயே குடிவரவு அலுவலகத்தில் டிஎம்7 படிவமும் 1,900 பாட் கட்டணமும் கொடுத்து ஓராண்டு நீட்டிப்பு பெறுவது. இதற்குக் காப்பீடு கட்டாயமில்லை. ஆனாலும் காப்பீடு இல்லாமல் போகாதீர்கள். 70 வயதைத் தாண்டியவர்களைப் புதிதாகச் சேர்க்கப் பல நிறுவனங்கள் மறுக்கின்றன. 64-இல் சேர்வது எவ்வளவோ எளிது.

இந்த நீட்டிப்புக்குக் காட்ட வேண்டிய பணம்: தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாட், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம், அல்லது இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 8 லட்சம். வங்கி வழியில் போகிறவர்கள் தடுக்கி விழுவது தேதிகளில்தான். நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும் நாளுக்கு 2 மாதம் முன்பே பணம் கணக்கில் இருக்க வேண்டும். நீட்டிப்பு கிடைத்த பிறகும் 3 மாதம் அதைத் தொடக் கூடாது. அதன்பின் இருப்பு 4 லட்சத்துக்குக் கீழே ஒரு நாள்கூட இறங்கக் கூடாது. அடுத்த விண்ணப்பத்துக்கு 2 மாதம் முன் மறுபடி 8 லட்சமாக நிரப்ப வேண்டும். அவசரச் செலவுக்கு அந்தக் கணக்கில் கை வைத்தால் அடுத்த ஆண்டு நீட்டிப்பு போய்விடும்.

மனைவி கணவரைச் சார்ந்தவராக நீட்டிப்பு வாங்கலாம். அவருக்குத் தனியாக இன்னொரு 8 லட்சம் வேண்டாம். ஆனால் அந்த 8 லட்சம் கணவர் பெயரில் மட்டும் உள்ள கணக்கில் இருக்கட்டும். கூட்டுக் கணக்கு என்றால் பாதித் தொகையையே கணக்கில் எடுக்கும் அலுவலகங்கள் உண்டு.

வெளியே போய்த் திரும்புவதாக இருந்தால் புறப்படும் முன் மறுநுழைவு அனுமதி வாங்குங்கள்: ஒரு முறைக்கு 1,000 பாட், பல முறைக்கு 3,800. அது இல்லாமல் எல்லையைக் கடந்த நொடியில் நீட்டிப்பு செத்துவிடும். அனுமதி ஆளுக்கு ஒன்று. கணவர் எடுத்தது மனைவிக்குச் செல்லாது. 90 நாளுக்கு ஒருமுறை முகவரி அறிவிப்பும் அப்படித்தான், இருவரும் தனித்தனியே செய்ய வேண்டும்.

ஆலமரம்

ஐரோப்பாவுக்கு வருவோம். ஓய்வூதியம் போன்ற நிலையான வருமானம் உள்ளவர்களுக்கான போர்ச்சுகலின் டி7 விசாவுக்கு அளவுகோல் அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியம். 2025-இல் அது மாதம் 870 யூரோவாக இருந்தது. துணைக்கு அதில் பாதி. ஆக, அந்த ஆண்டுக் கணக்கில் இருவருக்கும் 1,305 யூரோ. ஓய்வூதியம் யார் பெயரில் இருந்தாலும் சரி, குடும்பத்துக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். அந்நாட்டு வரி எண், வங்கிக் கணக்கு, பதிவான வாடகை ஒப்பந்தம் மூன்றையும் விண்ணப்பத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். இதில் வாடகை ஒப்பந்தம்தான் அதிகம் சிக்குகிறது. சில வாரத்துக்கு எடுத்த சுற்றுலா விடுதி முன்பதிவைக் காட்டிப் பயனில்லை. கிடைப்பது 4 மாத விசா. அங்கே போய்த்தான் 2 ஆண்டு வசிப்பு அட்டைக்குக் கைரேகை கொடுக்க வேண்டும்.

ஸ்பெயினில் வேலை செய்யாதோருக்கான வசிப்பு விசா இருக்கிறது. முதன்மை விண்ணப்பதாரருக்கு ஐப்ரெம் (வருமான அளவுகோலாக ஸ்பெயின் அரசு வைத்திருக்கும் தொகை) குறியீட்டின் 400 சதவீதம், துணைக்கு 100 சதவீதம். ஐப்ரெம் மாதம் 600 யூரோ என்ற கணக்கில் ஆண்டுக்கு 28,800-உம் 7,200-உம் சேர்ந்து 36,000 யூரோ. காப்பீடு ஸ்பெயினில் இயங்க அனுமதி பெற்ற நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும். சிகிச்சையின்போது நாம் பங்கு செலுத்தும் திட்டம் ஆகாது, காத்திருப்புக் காலமும் இருக்கக் கூடாது. பயணக் காப்பீட்டை இணைத்தே பல கோப்புகள் நிராகரிக்கப்படுகின்றன.

தென்றல்

மிக்க நன்றி. திருமணச் சான்றிதழில் பெயர்கள் முதலெழுத்தோடு இருக்கின்றன, பாஸ்போர்ட்டில் விரித்து எழுதியிருக்கிறது. இது தடையாகுமா?

மைக்கூடு

ஆகும். மனைவியின் விசா முழுக்க அந்த ஒரு காகிதத்தில்தான் நிற்கிறது. முடிந்தால் சான்றிதழையே திருத்தி வாங்குங்கள். முடியாவிட்டால் இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் பெற்று, ஐரோப்பா என்றால் அதற்கும் அப்போஸ்டில் (காகிதம் உண்மையானது என்று வெளிநாட்டுக்கு உறுதிசெய்யும் அரசுச் சான்று) போடுங்கள்.

வரிசை இதுதான். பாஸ்போர்ட் காலாவதி நெருங்கினால் முதலில் அதைப் புதுப்பியுங்கள். பின்னால் மாற்றினால் மற்ற எல்லாவற்றிலும் பழைய எண் இருக்கும். அடுத்து திருமணச் சான்றிதழின் புதிய நகல், பிறகு ஓய்வூதியக் கடிதமும் வங்கி அறிக்கைகளும். காவல்துறைச் சான்றும் மருத்துவச் சான்றும் கடைசியில். அவற்றுக்கு ஆயுள் குறைவு. 3 மாதத்துக்கு முந்தியதைத் திருப்பி அனுப்பும் தூதரகங்கள் பல. தூதரகச் சந்திப்புத் தேதி உறுதியான பிறகு விண்ணப்பித்தால் போதும். கடந்த 5 ஆண்டில் வேறு நாட்டில் வசித்திருந்தால் ஸ்பெயினுக்கு அந்த நாட்டுச் சான்றும் வேண்டும். அதற்கு மட்டும் முன்கூட்டியே கிளம்புங்கள்.

ஸ்பெயினுக்கு அப்போஸ்டில் முதலில், மொழிபெயர்ப்பு பிறகு. அப்போஸ்டில் தாளும் மொழிபெயர்க்கப்பட வேண்டும் என்பதால் மாற்றிச் செய்தால் இரண்டு முறை காசு போகும். ஸ்கேன் செய்வதற்காக அதன் பின்னைக் கழற்றாதீர்கள். கழற்றிய தடம் தெரிந்தால் ஏற்க மறுப்பார்கள்.

நெடுவழி

ஒன்று விட்டுப்போயிற்று, தாய்லாந்தைத் தேர்ந்தெடுத்தால் இது முக்கியம். சார்ந்தவர் என்ற அனுமதி முதன்மை விண்ணப்பதாரரான கணவர் உயிரோடு இருக்கும் வரைதான். அவர் இறந்தால் மனைவியின் நீட்டிப்புக்கு அடிப்படை போய்விடும், கணவர் பெயரிலுள்ள கணக்கும் நீதிமன்றம் நிர்வாகியை நியமிக்கும் வரை முடங்கும். துக்கத்தில் இருக்கும் ஒருவர் பணமும் இல்லாமல், விசாவும் இல்லாமல் நிற்க நேரும். மனைவிக்கு இப்போதே 50 தாண்டியிருப்பதால் தன் பெயரில் தனியே விண்ணப்பிக்கும் தகுதி உண்டு; பணம் இருந்தால் முதலிலிருந்தே அப்படிச் செய்யுங்கள். இல்லாவிட்டால் மனைவி பெயரில் ஒரு தாய்லாந்து வங்கிக் கணக்காவது திறந்து, சில மாதச் செலவுக்கான பணத்தை வையுங்கள். அங்குள்ள சொத்துக்கு மட்டும் தாய்லாந்து மொழியில் ஒரு உயில் எழுதி, அதில் நிர்வாகியாக மனைவியைக் குறிப்பிடுங்கள்.

ஓய்வூதியம் வழங்கும் துறையிடம் குடும்ப ஓய்வூதியம் வெளிநாட்டு முகவரியில் எப்படித் தொடரும் என்று புறப்படும் முன் எழுத்தில் கேட்டு, பதிலையும் கோப்பில் வையுங்கள்.

ஆலமரம்

வரியையும் பாருங்கள். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் 183 நாளைத் தாண்டினால் வரி வசிப்பாளர். தாய்லாந்தில் 180 நாள். 2024 ஜனவரி 1 முதல் ஈட்டிய வெளிநாட்டு வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் அது வரிக் கணக்கில் வரும், அதற்கு முன் சேர்த்தது வராது. அதனால் அந்த 8 லட்சத்தைப் பழைய சேமிப்பிலிருந்து அனுப்புங்கள், 2023 டிசம்பர் 31 இருப்பைக் காட்டும் வங்கி அறிக்கையை இப்போதே அச்சிட்டு முத்திரை வாங்கிவிடுங்கள்.