கூரைப்பீலி, பீலிமூட்டு, கலப்பற்று: பழைய லொறிக் கூரைக்குரிய சொற்கள் பற்றி

வண்டிப் பழுதுபார்ப்புக்குரிய தமிழ்ச் சொற்பட்டியலைத் தொகுக்கும் அன்பின் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பழைய லொறிகளின் கபின் கூரையில், கதவுகளுக்கு மேலாக ஓடி மழைநீரை ஏந்தி ஓரமாக வழியவிடும் ஒடுங்கிய தகர வாய்க்காலுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற கேள்விக்கு இதுவரை மூன்று விடைகள் வந்துள்ளன: சொட்டுத்தண்டவாளம், நீர்வடிவிளிம்பு, கூரைப்பீலி. மூன்றாவதை நான் ஆதரிக்கிறேன். ஆயினும் அந்த ஒரு சொல்லோடு நாம் நிறுத்திக்கொண்டால், வண்டி பழுதுபார்க்கும் கராச்சில் வேலை பழகும் பிள்ளைகளுக்கு நம் சொற்பட்டியல் பாதி உதவியைத்தான் செய்யும் என்பது என் உறுதியான கருத்து. பீலிக்கு அடியில் இருக்கும் தகரப் பொருத்துக்கும் தனிப்பெயர் வேண்டும். கூரையைத் தின்னும் கறள், அதாவது துரு, பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

பொருளின் அமைப்பை முதலில் பார்ப்போம். 1958 இல் வந்த பெட்போர்ட் டீஜே வகையையும் அக்காலத்துப் பிற வண்டிகளையும் எடுத்துக்கொண்டால், கூரைத் தகடும் பக்கச் சட்டகமும் தனித்தனியாக அச்சில் அழுத்தி உருவாக்கப்பட்டவை. இரண்டின் ஓரங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இடைவெளி விட்டுப் புள்ளி வெல்டிங் செய்து இணைப்பார்கள்; அந்த ஓரத்தின் நுனி மேல்நோக்கி வளைந்து நிற்பதால்தான் வாய்க்கால் உண்டாகிறது. ஆகவே நாம் பெயர் தேடும் உறுப்பு இரண்டு வேலைகளைச் செய்கிறது. மேலே அது நீரோடும் வழி. கீழே கூரையைக் கபினோடு பிணைத்து நிற்கும் பொருத்து. அந்தப் பொருத்தின்மேல் தொழிற்சாலையில் ஒரு பசையைப் பூசி, அதன்மேல் நிறம் அடித்து அனுப்பினார்கள். பசை புதிதாக இருக்கும்வரை நெகிழ்ந்து கொடுக்கும். பல்லாண்டு வெயிலில் அது இறுகிச் சுருங்கி, மயிரளவு வெடிப்பு விடும்போது, இரு தகடுகளுக்கிடையே நீர் மயிர்த்துளை விளைவால் உறிஞ்சப்படுகிறது. உட்புறத்தில் பெரும்பாலும் நிறமும் இல்லை, காற்றோட்டமும் இல்லை. அங்கு உண்டாகும் கறள் தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால், தகடுகள் பிரிந்து விரிய, புள்ளி வெல்டிங்குகள் ஒவ்வொன்றாகப் பிய்ந்துபோகின்றன. வெளியே நின்று பார்ப்பவருக்குப் பீலியின் அடித்தளம் அலை அலையாக வீங்கியிருப்பது மட்டுமே தெரியும்.

இலங்கையின் கிழக்கிலுள்ள நம் கரையில் இந்த நோய் இன்னும் கடுமையானது. கல்லடியிலும் காத்தான்குடியிலும் கல்முனையிலும் கடற்காற்று ஆண்டு முழுவதும் உப்பைக் கொண்டுவந்து தகரத்தில் படியவைக்கிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது. ஆதலால் மாரி ஓய்ந்து மாதங்கள் கழிந்த பின்பும் அந்தப் பொருத்தின் உள் முழுமையாகக் காய்வதில்லை. உள்ளே புகுந்த நீர் கபினின் தூண் வழியாக இறங்கித் தரைத் தகட்டில் தேங்குவதால், பலர் முன்கண்ணாடி றப்பரைத்தான் குற்றம் சொல்லி மாற்றுகிறார்கள்; றப்பர் மாறியும் ஒழுக்கு நிற்பதில்லை. நோய் இருக்கும் இடத்துக்கு ஒரு பெயர் இருந்திருந்தால் அவர்கள் அங்கே தேடியிருப்பார்கள் என்று நான் நம்புகிறேன். இது நம் ஊருக்கு மட்டும் உரிய சிக்கலும் அன்று. அமெரிக்காவில் 1967 முதல் 1972 வரை வெளிவந்த செவ்ரோலெட் பிக்கப் வண்டிகளைப் புதுப்பிப்போர் இதே உறுப்பின் அழுகலோடுதான் போராடுகிறார்கள்; அந்த ஓரத்துக்கென்றே மாற்றுத் தகடுகள் அங்கு தனியாக விற்கப்படுகின்றன.

இனிச் சொற்களுக்கு வருகிறேன். சொட்டுத்தண்டவாளம் என்பதை நான் ஏற்கவில்லை. தண்டவாளம் என்றதும் நமக்குத் தோன்றுவது புகையிரதப் பாதை. இந்த உறுப்பின்மேல் எதுவும் ஓடுவதில்லை, இதில் நீர்தான் ஓடுகிறது. நீர்வடிவிளிம்பு பொருட்செறிவுள்ள சொல் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் விளிம்பு என்பது வாய்க்காலை மறைத்துவிடுகிறது. மேலும் பீலிக்கே ஒரு வெளி விளிம்பு உண்டு. அதைச் சொல்ல வரும்போது விளிம்பின் விளிம்பு என்று எழுதி இடர்ப்பட வேண்டிவரும்.

பீலி என்பது நம் வீடுகளில் உயிரோடு இருக்கும் சொல். ஓட்டுக் கூரையின் ஓரத்தில் தகரத்தால் பொருத்தி, நீரைத் தொட்டிக்கோ முற்றத்துக்கோ கொண்டுபோகும் அமைப்பை நாம் பீலி என்றுதான் சொல்கிறோம். பீலி என்றால் மயிற்பீலி அல்லவா என்று ஓர் அன்பர் கேட்டிருந்தார். அந்தப் பொருள் நூல் வழக்கில் உண்டு. ஆனால் கூரை என்ற முன்னொட்டு சேர்ந்தபின் மயிலை நினைப்பவர் எவரும் இருக்க முடியாது. தமிழகத்து வாசகருக்குச் சொல் புதிதாக இருக்கலாம் என்ற தயக்கம் நியாயமானது. அதற்குச் சொல்லைக் கைவிடுவதைவிட, பட்டியலில் ஒரு வரி விளக்கம் சேர்ப்பதே போதும்.

பொருத்துக்கு நான் முன்வைக்கும் பெயர் பீலிமூட்டு. தையல் என்று எழுதலாம் என ஒரு தங்கை முன்மொழிந்திருந்தார். அழகான சொல்தான், ஆனால் இங்கு நூலுமில்லை, ஊசியுமில்லை. தகரவேலை செய்பவர்களின் வாயில் அது நிற்காது. மூட்டு என்பது இரண்டு உறுப்புகள் சேரும் இடத்தையும், அந்த இடம் சுமை தாங்குவதையும் ஒருங்கே சொல்லிவிடுகிறது. பீலிமூட்டு என்று தனியாகப் பெயரிட்டுவிட்டால், பீலியைச் சுரண்டி வழுவழுப்பாக்கிப் புதுப் பசை பூசிவிட்டு வேலை முடிந்தது என்று எண்ணும் வழக்கத்துக்கு ஒரு தடை விழும். ஏனெனில் அடுத்த கேள்வி, மூட்டைத் திறந்து பார்த்தாயா என்பதாகவே இருக்கும்.

சொற்கள் நிற்குமா என்று அறிய, பழுதுபார்க்கும் முறையை அவற்றைக் கொண்டே எழுதிப் பார்த்தேன். முதலில் கபினின் உட்கூரைத் துணியையும் மின்வயர்களையும் கழற்றி அகற்ற வேண்டும்; வெல்டிங் பொறி அங்கு விழுந்தால் தீப்பற்றும். பின்னர் கூரைப்பீலியிலுள்ள பழைய பசையைச் சூட்டுக்காற்றால் இளக்கிச் சுரண்டியெடுத்து, கம்பிச் சில்லால் துலக்கி, கூரான முள்ளால் பீலிமூட்டை நெடுகக் குத்திப் பார்க்க வேண்டும். முள் இறங்கும் இடமெல்லாம் அழுகிய இடம். சில பழைய வண்டிகளில் மூட்டுகளை ஈயத்தால் நிரப்பியிருப்பார்கள் என்பதால், அரைக்கும்போது முகமூடி இன்றி நிற்பது ஆபத்து. மேற்பரப்புக் கறள் மட்டும் இருந்தால் கறள்மாற்றி பூசலாம். அதிலுள்ள தனிக் (tannic) அமிலம் கறளைக் கரிய சேர்வையாகவும், பொசுபோரிக் அமிலம் இரும்புப் பொசுபேற்றாகவும் மாற்றும். ஆனால் கறள்மாற்றி தான் தொடும் கறளை மட்டுமே மாற்றும். இறுகப் பிணைந்த மூட்டின் நடுவுக்கு அது போய்ச் சேராது.

மூட்டு வீங்கியிருந்தால் வெட்டித்தான் ஆகவேண்டும். முழு நீளத்தையும் ஒரே தடவையில் வெட்டினால் கூரை தன் வடிவத்தை இழந்து, கதவு மூடாமற் போகும். சிறு சிறு துண்டாக வெட்டி, அதே தடிப்பிலான புதுத் தகட்டை வளைத்துப் பொருத்திக்கொண்டு போவதே முறை. ஒன்றோடொன்று படியும் முகங்களில் வெல்டிங்கைத் தாங்கும் துத்தநாகப் பிறைமர் என்ற அடிப்பூச்சைப் பூசிய பிறகே இணைக்க வேண்டும். கூரைத் தகடு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் தடிப்புள்ளதாகையால், தொடர்ந்து வெல்டிங் செய்தால் சூட்டில் நெளிந்துவிடும். ஆகவே ஓர் இடத்தில் ஒரு புள்ளி, அது ஆறும்வரை தள்ளி இன்னோர் இடத்தில் ஒரு புள்ளி என்று பொறுமையாகச் செல்ல வேண்டும். அதன்பின் எப்பொக்சிப் பிறைமர், அதன்மேல் பசை, இறுதியில் நிறம். இதற்குக் கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் மாதங்கள் உகந்தவை, ஏனெனில் தகரத்தில் பனியும் ஈரமும் இராது; தூசியை மட்டும் மறைப்புக் கட்டித் தடுக்க வேண்டும். மாரி தொடங்கிய பிறகு அவசரத்தில் செய்யும் வேலையில் ஈரத்தையும் சேர்த்தே உள்ளே பூட்டிவிடுகிறோம்.

மேலே பசை என்று நான் பொதுவாக எழுதியதற்கு நல்ல சொல் தேவை. மூட்டடைப்பு, மூட்டடைப்பான் என்பவை முன்மொழியப்பட்டுள்ளன. இங்கு ஒரு பெரிய குழப்பம் காத்திருக்கிறது. இலையும் மண்ணும் சேர்ந்து நீர் வழிய முடியாமல் பீலி தூர்ந்துபோவதையும் நாம் அடைப்பு என்றுதான் சொல்கிறோம். அப்படியிருக்க, பீலிக்கு அடைப்பு வேண்டும் என்று ஒரு குறிப்பில் எழுதினால், படிப்பவர் எதைப் புரிந்துகொள்வார்? அடைப்பை நீக்கு என்றும் அடைப்பை இடு என்றும் ஒரே பக்கத்தில் எழுத நேரும்.

மரக்கலங்களின் பலகை இடுக்குகளில் நாரும் பிசினும் அடைத்து நீர் புகாமற் செய்யும் தொழிலுக்குக் கலப்பற்று என்ற பழைய சொல் தமிழில் உண்டு. செயல் ஒன்றே: இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் நீர் புகாதபடி நெகிழ்வான பொருளை நிரப்புவது. ஆகவே செயலுக்குக் கலப்பற்று எனவும், பொருளுக்குக் கலப்பற்றுப் பசை எனவும், பழையதை நீக்கிப் புதிதாகச் செய்வதற்கு மறுகலப்பற்று எனவும் வைக்கலாம். கடலும் வாவியும் சூழ்ந்த ஊர்களில் வாழும் நமக்குக் கலத்தின் சொல் வண்டிக்கு வருவதில் எந்த அந்நியமும் இல்லை. பொலியூரிதேன் வகையையும் இரு கூறு எப்பொக்சி வகையையும் இந்தப் பெயரின்கீழ் சேர்க்கலாம். சிலிக்கோனைச் சேர்க்கக் கூடாது என்று பட்டியலிலேயே எழுதிவைக்க வேண்டுகிறேன்: அதன்மேல் நிறம் பிடிக்காது; புளிமணம் வீசும் வகை இறுகும்போது அசற்றிக் அமிலத்தை வெளிவிட்டுத் தகரத்தை அரிக்கவும் செய்யும். கடைகளில் எளிதாகக் கிடைப்பதால் அதைத்தான் பலரும் வாங்கிப் பூசுகிறார்கள்.

கறளா, துருவா என்ற விவாதத்தில் நீண்ட நேரம் செலவிட வேண்டியதில்லை. நம் வழக்கு கறள். தலைச்சொல்லாக அதை வைத்து, துருவைப் பக்கத்தில் இடுவோம்.

எஞ்சியிருப்பது ஒன்று. பீலியின் நீர் கீழே விழும் கோடிக்கு, அதாவது கதவின் முன்தூணை ஒட்டிய திறப்புக்கு, பீலிவாய் என்று நான் தற்காலிகமாக எழுதிவருகிறேன். கலப்பற்றுப் பசையை அளவுக்கு மீறிப் பூசும்போது அந்த வாய் மூடுண்டு, நீர் பின்னோக்கித் தேங்குவது அடிக்கடி நடப்பதால், அதற்கும் பெயர் இருந்தேயாக வேண்டும். சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து கராச்சுகளில் தகரவேலை செய்யும் மூத்தவர்களிடம் இதற்கு வேறு சொல் புழங்குகிறதா என்று அங்குள்ள அன்பர்கள் கேட்டு எழுதினால், அந்தச் சொல்லையே நான் ஏற்றுக்கொள்வேன். அதுவரை அந்த இடத்தைப் பட்டியலில் வெறுமையாக விடுமாறு தொகுப்பாளர் ஐயாவைக் கேட்டுக்கொள்கிறேன்.