ஃபைபர் லிங்க் விழுந்த ராத்திரிகள்: உங்க அனுபவத்தையும் போடுங்க

நைட்ஷிஃப்ட்_சிறுசேரி:
டேட்டா சென்டர்ல ஒரு 400ஜி டிஆர்4 லிங்க் (நாலு லேன்ல, அதாவது நாலு பாதையில ஒளி போற ஃபைபர் இணைப்பு). விழுது, எழுந்திருக்குது, மறுபடி விழுது. மாட்யூல் (மின் சிக்னலை ஒளியா மாத்த போர்ட்டுல சொருகுறது) மாத்தியாச்சு, போர்ட் மாத்தியாச்சு. மூணாவது லேன்ல மட்டும் ஆர்எக்ஸ் பவர் (வந்து சேர்ற ஒளியோட அளவு) அதலபாதாளத்துல கிடக்கு. எம்பிஓ (பல ஃபைபர் சேர்ந்த கனெக்டர்) முனையை ஸ்கோப்ல பார்க்கலாம்னு நான் பையைத் திறக்கிறதுக்குள்ள, வந்திருந்த வெண்டார் சார் அதை வாங்கி வாயால ‘ஃபூ’ன்னு ஊதி, சட்டை நுனியில துடைச்சு, சொருகியே விட்டார். லிங்க் மொத்தமா செத்துச்சு. அப்புறம் ஸ்கோப்ல பார்த்தா ஒரு ஃபைபர் முனையில எண்ணெய்ப் படலம், பக்கத்து ஃபைபர்ல எச்சில் காஞ்ச வட்டம். மனுஷன் அலட்டிக்கவே இல்ல, “கேபிள் குவாலிட்டி சரியில்ல தம்பி”ன்னு ரிப்போர்ட் எழுதிட்டுப் போயிட்டார். இன்னும் ஆறல.

பழைய_மல்டிமோட்:
எங்க காலத்துல எல்லாரும் ஊதினவங்கதான். அப்ப மல்டிமோட் ஃபைபர், 50 மைக்ரான் கோர் (ஒளி போற நடுப்பகுதி), அது ஓரளவு தாங்கும். சிங்கிள்மோட்ல 9 மைக்ரான்தான், ஒரு தூசி போதும். அவரை ரொம்பத் திட்டாதீங்க. என் கதை வேற. மேனேஜர் ஒருத்தர் லைவ் கேபிள் முனையைக் கண்ணுக்கு நேரா பிடிச்சு, “லைட்டே வரலையேப்பா”ன்னார். 1310 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி எந்தக் கண்ணுக்குத் தெரியும்? கண்ணுக்கு ஆபத்தேன்னு பட்டுன்னு கையைத் தட்டிவிட்டேன். இன்னிக்கும் லிஃப்ட்ல பார்த்தா முறைக்கிறார்.

ஜூரோங்_டெக்:
சிங்கப்பூர்ல வேலை. 800ஜி ஓஎஸ்எஃப்பி மாட்யூல் ஒண்ணை ஓடிக்கிட்டிருந்த சுவிட்ச்லேருந்து உருவினேன். தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி இருந்துச்சு. ஒண்ணு சுமார் 15 வாட், 64 போர்ட்டும் நிறைஞ்சா மாட்யூலுக்கு மட்டும் கிட்டத்தட்ட 1 கிலோவாட். கூத்து என்னன்னா, இதெல்லாம் ஐடி லோடு (சர்வர், சுவிட்ச் தின்னுற கரண்ட்) கணக்குல போயிடும். அதனால பியூஇ (டேட்டா சென்டரோட மொத்தக் கரண்ட்டை ஐடி லோடால வகுத்த எண்) அழகா 1.3-ன்னே காட்டும், கரண்ட் பில் மட்டும் ஏறும்.

கண்ணாடி_ரசிகன்:
நான் ஒரு டெமோவுலதான் பார்த்தேன், ஆனா ஒண்ணு சொல்றேன். எல்லாரும் இப்படி சொருகி உருவுற பிளக்கபிள் மாட்யூலைத் தூக்கிப் போடுங்க. அதுல பாதிக்குப் பாதி கரண்ட்டை சிக்னலைச் சரிபண்ற டிஎஸ்பி சிப்தான் தின்னுது. சிபிஓ-ல (கோ-பேக்கேஜ்டு ஆப்டிக்ஸ்) மின் சிக்னலை ஒளியா மாத்துற ஆப்டிகல் இன்ஜின் சுவிட்ச் சிப்புக்குப் பக்கத்துலயே உட்காந்துடும், சிக்னல் போர்டு முழுக்க ஓட வேண்டாம். 2025 மார்ச்சுல என்விடியா சிபிஓ சுவிட்சை அறிவிச்சப்ப, மின்சிக்கனம் 3.5 மடங்குன்னாங்க. அது முடியாதுன்னா எல்பிஓ (லீனியர் பிளக்கபிள் ஆப்டிக்ஸ்) பாருங்க, சொருகுற மாட்யூல்தான், ஆனா டிஎஸ்பியே கிடையாது. கூகுள் இன்னும் ஒரு படி மேல. அவங்க டேட்டா சென்டர் நெட்வொர்க்கான ஜூப்பிட்டர்ல, மத்த சுவிட்ச்களை இணைக்கிற ஸ்பைன் சுவிட்சையே எடுத்துட்டு, குட்டிக் குட்டி மெம்ஸ் (அசையுற நுண்) கண்ணாடியால ஒளியைத் திருப்புறாங்க. ஒளி ஒளியாவே போகுது, நாளைக்கு ஸ்பீடு ஏறினாலும் அந்தப் பெட்டியை மாத்த வேண்டாம். 2022 பேப்பர்ல பவர் 41% குறைஞ்சுதுன்னு போட்டிருக்காங்க. உங்க மேனேஜ்மென்ட்கிட்ட இதை ஒரு பிபிடியா போட்டுக் காட்டுங்க.

நைட்ஷிஃப்ட்_சிறுசேரி:
அண்ணே, நான் எச்சிலைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கேன்.

ஜூரோங்_டெக்:
அந்த 41% கண்ணாடியால மட்டும் வந்ததில்ல, எஸ்டிஎன் (சாஃப்ட்வேரால நெட்வொர்க்கைக் கட்டுப்படுத்துறது), புது டோபாலஜி (இணைப்பு அமைப்பு) எல்லாம் சேர்த்துதான். பேப்பரை முழுசாப் படிங்க. அப்புறம் சிபிஓ. லேசர் செத்தா வெளியிலேருந்து மாத்திக்கலாம், சரி. உள்ள இருக்கிற ஆப்டிகல் இன்ஜின் போனா? ஒரு போர்ட்டுக்காக மொத்த சுவிட்சையும் ஆர்எம்ஏ-வுக்கு (கம்பெனிக்குத் திருப்பி) அனுப்புறதா? பிபிடியில இதுக்கு ஒரு ஸ்லைடு போடுங்க.