ஏலகிரி பழைய பங்களா கணப்பில் புது விறகடுப்பு: புகை உள்ளேயே வருகிறது, உதவி தேவை

மலைவீடு:
வணக்கம். ஏலகிரியில் எங்களுக்குத் தாத்தா காலத்து கருங்கல் பங்களா இருக்கிறது. ஹாலில் குளிர்காயத் தீ மூட்டும் கணப்பைப் போன வருஷம் பழையபடி சரிசெய்தோம். இப்போது அதற்குள் கண்ணாடிக் கதவு வைத்த வார்ப்பிரும்பு விறகடுப்பு வாங்கி வைத்திருக்கிறோம். பற்றவைத்தால் புகை மேலே போகாமல் ஹாலுக்குள் வருகிறது. வெள்ளிக்கிழமை பெங்களூரிலிருந்து உறவுக்காரர்கள் வருகிறார்கள். உடனே என்ன செய்யலாம்? அவசரம்.

ஜோலார்பேட்டை ஜங்ஷன்:
அடுப்பு பைப் எத்தனை இன்ச்? புகைக்கூண்டு எவ்வளவு உயரம்? பைப் எதுவரை போகிறது? இது எதுவுமே சொல்லாமல் என்ன பதில் சொல்வது சார்?

சவுக்குத்தோப்பு:
விறகுதான் காரணம். மலையில் தைலமரத்தை வெட்டி ஈரத்தோடு விற்பார்கள். வெளியே காய்ந்த மாதிரி இருக்கும், பிளந்தால் உள்ளே சில்லென்று இருக்கும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் ஒழுங்காக எரியும். பிளந்து, காற்றுப் படும்படி அடுக்கி, ஒரு கோடை முழுக்கக் காயவிட வேண்டும். கண்ணாடியில் கறுப்பாகப் பிசின் மாதிரி படிகிறதா? படிந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஆம்பூர் அக்கா:
தம்பி, முதலில் ஆள் ஏற்றி உச்சியைப் பாருங்கள். எங்கள் சித்தப்பா வீட்டுப் புகைக்கூண்டில் இருந்தது தேன்கூடு. குருவிக்கு வலை கட்டியிருந்தாலும் கரி அடைத்துக்கொள்ளும்.

சுண்ணாம்புக்காரை:
பழைய கட்டடத்தில் கைவைக்கும் முன் கட்டடத்தைப் படிக்க வேண்டும். இதை எத்தனை பேருக்கு எழுதிவிட்டேன், யாரும் பழைய பதிவுகளைத் தேடிப் படிப்பதில்லை. “பழையபடி சரிசெய்தோம்” என்றால் எதைக்கொண்டு? கடுக்காய்த் தண்ணீரில் குழைத்த சுண்ணாம்பா, மூட்டை சிமென்ட்டா? சிமென்ட் என்றால் உள்ளே விரிசல் விட்டிருக்கும், அந்த வழியாகத்தான் புகை வரும். கொத்தனாரைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

குடியாத்தம் கொத்தனார் மகன்:
அண்ணா, அவர் கேட்டது அடுப்பைப் பற்றி. எங்கள் அப்பா சிமென்ட் பூசிய புகைக்கூண்டுகள் குடியாத்தத்தில் இன்றும் நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு என்றால் எப்படி?

சுண்ணாம்புக்காரை:
நிற்பது வேறு, மூச்சு விடுவது வேறு தம்பி. போர்ட்லண்ட் சிமென்ட்டுக்குக் காப்புரிமை வாங்கியதே 1824இல்தான். அதற்கு முன் நம் ஊரில் கட்டியதெல்லாம் விழுந்துவிட்டதா? ஆற்காடு டெல்லி கேட்டைப் போய்ப் பாருங்கள். சூடு ஏறி இறங்கும் இடத்தில் சுண்ணாம்பு கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், சிமென்ட் இறுகி நின்று வெடிக்கும். கல் உறிஞ்சிய ஈரத்தையும் வெளியே விடாது.

குடியாத்தம் கொத்தனார் மகன்:
சுண்ணாம்பு இறுக மாதக்கணக்கில் ஆகும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஈரச் சாந்தில் முதல் நாளே பெரிய தீ மூட்டினால் அதுவும்தான் வெடிக்கும்.

சுண்ணாம்புக்காரை:
அதனால்தான் முதலில் சின்னச் சின்னத் தீயாக மூட்டிப் பழக்க வேண்டும். இதுகூடத் தெரியாமல் வேலைக்குப் போகிறார்கள்.

மலைவீடு:
சாரி, மழையில் நெட் இல்லை. விவரம்: அடுப்பு பைப் 6 இன்ச். மேலே இரண்டடி போய், பழைய புகைக்கூண்டு ஓட்டைக்குள் அப்படியே நிற்கிறது. அந்த ஓட்டை 14க்கு 9 இன்ச். அடுப்பிலிருந்து உச்சி சுமார் 16 அடி. உச்சியில் வலை இல்லை, சுத்தமாக இருக்கிறது. விறகு போன வருஷத்து சில்வர் ஓக். பூச்சு சுண்ணாம்புதான். குளிருக்காக ஜன்னல் எல்லாம் ரப்பர் பீடிங் வைத்த புதுசு. சமையலறை ஹாலோடு சேர்ந்தது, அங்கே எலக்ட்ரிக் சிம்னி இருக்கிறது. ராத்திரி தணல் கிடக்கும்போதே அம்மா ஹாலில் படுத்துக்கொள்வார், காலையில் தலைவலி என்கிறார். பனி ஒத்துக்கொள்ளவில்லை போல.

ராணிப்பேட்டை பாய்லர்:
தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். இன்று ராத்திரி அந்த அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். அம்மாவை டாக்டரிடம் காட்டி, விறகடுப்பு எரிந்த அறையில் படுத்தார் என்று மறக்காமல் சொல்லுங்கள். அந்தத் தலைவலி கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தணல் அடங்கும் நேரத்தில் புகையே தெரியாது, ஆனால் அந்த வாயு வந்துகொண்டே இருக்கும். ஆன்லைனில் அதற்கான அலாரம் கிடைக்கிறது. அடுப்பிலிருந்து 1 முதல் 3 மீட்டருக்குள் ஒன்று, படுக்கும் அறையில் ஒன்று மாட்டுங்கள். அது வரும்வரை தீ வேண்டாம்.

இனி காரணம். பாய்லர் வேலையில் இருந்தவன், டிராஃப்ட், அதாவது புகையை மேலே கொண்டுபோகும் இழுப்பு, அதைப் பார்த்தே காலம் போனது. 6 இன்ச் பைப்பின் பரப்பு 28 சதுர இன்ச். உங்கள் ஓட்டை 126. நான்கரை மடங்கு. குறுகிய பைப்பில் சூடாக வேகமாக வரும் புகை, அந்தக் கிணற்றுக்குள் நுழைந்ததும் வேகம் குறைந்து, குளிர்ந்த கல் பட்டு ஆறிவிடுகிறது. சூடு இருந்தால்தான் இழுப்பு. போதாததற்கு, பைப்பைச் சுற்றியுள்ள இடைவெளி வழியாக ஹாலின் குளிர்ந்த காற்றும் உள்ளே போய் இன்னும் ஆறவைக்கிறது. அந்தக் காலத்துக் கணப்பு திறந்த தீக்காகக் கட்டியது. அதற்கு அந்த அகலம் வேண்டும், உங்கள் அடுப்புக்கு வேண்டாம்.

அடுத்தது காற்று. ஜன்னலை எல்லாம் ரப்பர் வைத்து அடைத்துவிட்டீர்கள். கடையில் விற்கும் எலக்ட்ரிக் சிம்னி பலதும் மணிக்கு 1,000 கன மீட்டருக்கு மேல் இழுக்கும். அவ்வளவு காற்று எங்கிருந்து வரும்? உங்கள் புகைக்கூண்டு வழியாகத்தான், கீழ்நோக்கி.

தீ இல்லாமலே சோதிக்கலாம். ஓர் ஊதுபத்தியைக் கணப்பின் வாயருகே பிடியுங்கள். எலக்ட்ரிக் சிம்னி ஓடும்போது ஒரு தடவை, நிறுத்திவிட்டு ஜன்னலை ஓர் இன்ச் திறந்து ஒரு தடவை.

நிரந்தர வழி: அடுப்பிலிருந்து உச்சிவரை 6 இன்ச் எஸ்.எஸ். லைனர், அதாவது புகைக்கூண்டுக்குள் இறக்கும் துருப்பிடிக்காத எஃகுக் குழாய். விறகுக்கு 316 கிரேடு எஃகு கேளுங்கள். கணப்பின் மேல்வாயை லைனர் மட்டும் நுழையும்படி இரும்புத் தகடு போட்டு மூடுங்கள். வெளிக்காற்று வர சுவரில் மூட முடியாத துவாரம் ஒன்று. கூரைச் சட்டம் புகைக்கூண்டைத் தொட்டுக்கொண்டு போகிறதா என்றும் பாருங்கள். பழைய பங்களாக்களில் அது உண்டு, தீப்பிடிக்கும்.

சவுக்குத்தோப்பு:
சில்வர் ஓக் ஒரு வருஷம் காய்ந்தது என்றால் சரி, காரணம் விறகு இல்லை. இருந்தாலும் ஒரு கட்டையைப் பிளந்து பாருங்கள்.

சுண்ணாம்புக்காரை:
சுவரில் துவாரமா? கருங்கல் சுவரைத் துளைக்கச் சொல்பவர்களை என்ன சொல்வது. லைனர் இறக்கினால் பழைய சாந்து அடிபடும்.

ராணிப்பேட்டை பாய்லர்:
கல்லைத் துளைக்க வேண்டாம், ஜன்னல் சட்டத்தில் போட்டாலும் போதும். லைனர் சாந்தைத் தொடாமல் தொங்கும், வேண்டாம் என்றால் நாளைக்கே உருவிவிடலாம். பழைய வீட்டைக் காப்பாற்றுவது முக்கியம்தான் ஐயா, அதில் படுத்திருக்கும் அந்த அம்மாவை விட இல்லை.

மலைவீடு:
எல்லாருக்கும் நன்றி. ஊதுபத்திப் புகை, எலக்ட்ரிக் சிம்னி ஓடும்போது அப்படியே வளைந்து சமையலறைப் பக்கம் போனது. நிறுத்தி ஜன்னலைத் திறந்ததும் மேலே ஏறியது. அம்மாவைக் கீழே திருப்பத்தூரில் காட்டினோம், இப்போது பரவாயில்லை. அலாரம் ஆர்டர் போட்டாச்சு, லைனருக்கும் சொல்லியாச்சு. வெள்ளிக்கிழமைக்கு கம்பளிதான்.

ஜோலார்பேட்டை ஜங்ஷன்:
லைனர் எங்கே சொன்னீர்கள், அடிக்கு என்ன விலை? எனக்கும் தேவைப்படுகிறது.

குடியாத்தம் கொத்தனார் மகன்:
மேல்வாய்த் தகடு எத்தனை மி.மீ. கனத்தில் போடுகிறார்கள் என்றும் எழுதுங்கள் அண்ணா.