உருஸ்கானுக்குப் படை அனுப்பிய டச்சு அரசு, அந்தப் படையை முன்னிட்டே கவிழ்ந்தது ஏன்?

வைகைக்கரை:
ஆப்கன் போர் பற்றிக் கல்லூரிக்கு ஒரு கட்டுரை எழுதுகிறேன். நெதர்லாந்து 2006இல் உருஸ்கான் மாகாணத்துக்குப் படை அனுப்பியது. 2007இல் காலத்தை நீட்டித்தது. 2010 பிப்ரவரியில் அதே விவகாரத்தில் ஆட்சியே போய்விட்டது. "தலிபானுக்குப் பயந்து ஓடிவிட்டார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள் பலர். அவ்வளவுதானா? அந்த நாட்டில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

டெல்ஃப்ட்வாசி:
பயம் என்று சொன்னால் நான் ஒப்பமாட்டேன் தம்பி. அந்த வருஷங்களில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பையன் உருஸ்கானின் தலைநகரான தரின் கோட்டில் இருந்த முகாமில் இருந்தான். படையை நீட்டிப்பார்களா என்ற செய்தி வரும்போதெல்லாம் அவன் அம்மா முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

தொடக்கத்திலேயே அரசுக்குள் ஒற்றுமை இல்லை. கூட்டணியிலிருந்த சின்னக் கட்சியான டி66 எதிர்த்தது. அதனால் 2005 டிசம்பரில் அமைச்சரவை தெளிவாக முடிவெடுக்காமல் பொறுப்பை நாடாளுமன்றத்தின் தலையில் கட்டியது. 2006 பிப்ரவரியில் பெரும்பான்மை கிடைத்தது. எதிர்க்கட்சியாக இருந்த தொழிலாளர் கட்சியும் அப்போது ஆதரித்தது, இதைக் கட்டுரையில் விட்டுவிடாதீர்கள். டி66 கட்சியின் நாடாளுமன்றக் குழுத் தலைவர் போரிஸ் டிட்ரிக் மறுநாளே பதவி விலகினார். மக்களுக்குச் சொல்லப்பட்டது: இரண்டு வருஷம், புனரமைப்புப் பணி.

போன இடத்தில் நடந்தது சண்டை. 2007 ஜூனில் உருஸ்கானிலுள்ள சோரா பள்ளத்தாக்கைத் தலிபான்கள் சூழ்ந்தபோது டச்சுப் படை விட்டுவிட்டு வரவில்லை, நின்று அடித்தது. அதில் பொதுமக்களும் செத்தார்கள். 2008 ஏப்ரலில் பீட்டர் வான் ஊம் முப்படைத் தலைவராகப் பொறுப்பேற்ற மறுநாள், அவருடைய சொந்த மகன் உருஸ்கானில் சாலையோரக் குண்டுக்குப் பலியானான். அவர் பதவியில் தொடர்ந்தார். ஆப்கானிஸ்தானில் மொத்தம் 25 டச்சு வீரர்கள் இறந்திருக்கிறார்கள். இவர்களைப் பயந்தவர்கள் என்று எழுத எப்படி மனசு வருகிறதோ!

2007 நவம்பரில் நீட்டித்தபோது தொழிலாளர் கட்சி ஆட்சிக்குள் வந்திருந்தது. 2010 ஆகஸ்டோடு பணி முடியும், அதற்குமேல் இல்லை என்று அமைச்சரவை எழுத்திலேயே கொடுத்தது. தெருவில் எல்லாரும் அந்தத் தேதியைத்தான் நம்பியிருந்தார்கள். 2009 அக்டோபரில் நாடாளுமன்றமும் அதையே தீர்மானமாகச் சொன்னது. அப்படியிருக்க, 2010 பிப்ரவரி தொடக்கத்தில் நேட்டோ பொதுச்செயலர் ராஸ்முசெனிடமிருந்து கடிதம் வருகிறது: சிறிய அளவிலாவது இருங்கள், பயிற்சி கொடுங்கள் என்று. பிரதமர் பால்கனெண்டே கட்சிக்கு இதில் விருப்பம். துணைப் பிரதமர் வௌட்டர் போஸ், தொழிலாளர் கட்சித் தலைவர், முடியாது என்றார்.

இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. 2003இல் இராக் போருக்கு அரசியல் ஆதரவு கொடுத்தவரும் இதே பால்கனெண்டேதான். அந்தப் போருக்குச் சர்வதேசச் சட்டத்தில் போதிய அடிப்படை இல்லை என்று டேவிட்ஸ் விசாரணைக் குழு 2010 ஜனவரி 12 அன்று அறிக்கை வெளியிட்டது. பிரதமர் அன்று அதை எதிர்கொண்ட விதத்தில் கூட்டணிக்குள் நம்பிக்கை முறிந்தது. கடிதம் வந்தது அதற்கு ஒரு மாதத்துக்குள். பிப்ரவரி 20 அதிகாலை நாலு மணிவாக்கில் ஆட்சி முடிந்தது. ஆகஸ்டில் படை திரும்பியது.

நெல்லைச்சீமை:
வாக்குறுதிதான் காரணம் என்றால், 2011இல் வட ஆப்கானிஸ்தானிலுள்ள குண்டூஸுக்கு ஏன் மறுபடி ஆள் அனுப்பினார்கள் அண்ணா? 2010இல் போஸ் முடியாது என்றது தேர்தல் கணக்கில் செய்ததாகத்தானே தெரிகிறது? அந்த மார்ச்சில் உள்ளாட்சித் தேர்தல் இருந்ததே.

டெல்ஃப்ட்வாசி:
தேர்தல் கணக்கு இல்லை என்று நான் வாதாட மாட்டேன், போஸ் அரசியல்வாதி. ஆனால் பொதுத்தேர்தலில் அடி வாங்கியது பால்கனெண்டே கட்சி: 41 இடத்திலிருந்து 21க்கு வந்தது. அடுத்து வந்த ரூட்டே அரசு சிறுபான்மை அரசு. அதை வெளியிலிருந்து தாங்கிய வலதுசாரி வில்டர்ஸ் கட்சியே குண்டூஸை எதிர்த்தது. அதனால் எதிர்க்கட்சியான பசுமை இடதுசாரிகளிடம் போய்க் கேட்டார்கள். காவலர்களுக்குப் பயிற்சி மட்டும், பயிற்சி பெற்றவர்களைத் தாக்குதலுக்கு அனுப்பக்கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதம் கிடைத்தது. மொத்தம் 545 பேர். சண்டைப் படையாகப் போகவில்லை, ஆனாலும் அந்த நிபந்தனையை ஆப்கன் போர்க்களத்தில் யார் காவல் காக்க முடியும் என்று எனக்கு அன்றும் கோபம் வந்தது, இன்றும் வருகிறது.

வைகைக்கரை:
நன்றி ஐயா. நாடாளுமன்றம் ஓட்டுப் போட்டால்தான் படை போகுமா?

டெல்ஃப்ட்வாசி:
அரசியலமைப்பின் 100ஆவது பிரிவு, முன்கூட்டியே நாடாளுமன்றத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்கிறது. சம்மதம் கட்டாயம் என்று எழுதப்படவில்லை. நடைமுறையில் பெரும்பான்மை இல்லாமல் யாரும் அனுப்புவதில்லை.

கட்டுரையில் ஹேக் நகரத்துக் கூட்டணிச் சண்டையோடு நிறுத்திவிடாதீர்கள். சோராவில் குண்டு விழுந்த மண்சுவர் வீடுகளிலிருந்து உயிர்பிழைத்தவர்கள் டச்சு அரசின்மேல் வழக்குப் போட்டார்கள். 2022 நவம்பரில் ஹேக் நீதிமன்றம், அந்தக் குண்டுவீச்சு சட்டவிரோதம், இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. குண்டு விழுந்தது 2007இல். தீர்ப்புக்குப் பதினைந்து வருஷம் ஆகியிருக்கிறது.