சிகிச்சைக் குறியீடு கணக்கில் ஒரு சந்தேகமுங்க

ஈரோட்டில் பி.பார்ம் படிக்கும் தம்பிக்கு மருந்தியல் சொல்லித் தருகிறேன். பாதிப் பேருக்கு நச்சாகும் அளவை, பாதிப் பேருக்குப் பலன் தரும் அளவால் வகுத்தால் சிகிச்சைக் குறியீடு. இது சரி. மனநோய் மருந்தான லித்தியத்துக்கு இந்த இரண்டு அளவுக்கும் நடுவே இடைவெளி குறுகல். அதனால்தான் ரத்தத்தில் அளவு பார்க்கிறார்கள்.

ஆனால் பலன் 10 மி.கி., நச்சு 100 மி.கி. என்று வையுங்கள். குறியீடு 10, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அளவு கூடக்கூட எத்தனை சதவீதத்தினருக்கு நச்சாகிறது என்று வரைபடத்தில் காட்டும் நச்சுக் கோடு படுத்தாற்போல் சாய்ந்திருந்தால், 20 மி.கி.யிலேயே சிலருக்கு வாந்தி வந்துவிடுமே? அதற்குத்தான் 1 சதவீதத்தினருக்கு நச்சாகும் அளவை, 99 சதவீதத்தினருக்குப் பலன் தரும் அளவால் வகுப்பதாம்.

அந்த 1 சதவீதத்தை நிஜத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நேராக அளந்தா, கோட்டை நீட்டிப் பார்த்தா? தெரிந்த அண்ணன், அக்கா யாராவது ஒரு வரைபடம் போட்டு விளக்குங்க. வீடியோ லிங்க் மட்டும் வேண்டாமுங்க, தம்பி தூங்கிவிடுகிறான்.